மணவயதும் மலைநாட்டு ஊராட்சிகளும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகக் கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மேலேறினால் கரியாலூரையும் வெள்ளிமலையையும் அடையலாம். மறுபுறம் மலை சேலம் மாவட்டத்துக் கருமந்துறைப் பக்கமாகப் பரந்து செல்கிறது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டார் என மயங்குதல் வேண்டா. அவர்கள் தாய்மொழி தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

நெடுங்காலம் இம்மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. அவர்கள் நிலத்தில் குடிகள் கூலியின்றி உழைக்கவேண்டியிருந்தது. அதனை மலையின் வழக்கம் என்றே எல்லோரும் கூறிவந்தனர். 1976-ஆம் ஆண்டில் ஜாகீர் முறை நீங்கி அரசாங்கத்தின் நேரடி நிர்வாகம் வந்தபோது அந்த வழக்கமும் போயிற்று. அதனால் மலைக்குக் குறை ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இம்மலை மக்களின் அடிப்படை வசதிகளைக் குறித்து விசாரிக்கலாயிற்று. சாலையையும் மின்சாரத்தையும் குடும்ப அட்டையையும் பற்றிய பேச்சு இவ்வாறு எழுந்திருக்கும் காலத்தில், எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இடம்பெறாத ஒரு காரியத்தைப் பற்றி நாம் எழுத விரும்புகிறோம். பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணுக்கு, அவள் விருப்பத்தைக் கேளாமலே மணம் முடித்துவிடும் வழக்கமே அது.

இது பழங்குடி மக்களிடம் மட்டும் உள்ள குறை என்று சமவெளியார் யாரும் எண்ணிவிடலாகாது. 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 12.8 பேர் 18 வயது நிரம்புமுன் மணம் செய்விக்கப்பட்டவர்கள். இந்திய நாடு முழுவதற்கும் அது 23.3. தேசத்தின் அளவைவிட நாம் மேல் என்று மகிழலாம். ஆயினும் எட்டுப் பெண்களில் ஒருத்தி என்பது எந்த ஊருக்கும் சிறு கணக்கன்று.

பெற்றோரின் அவசரம்

பெற்றோரைக் கொடியவர் என்று எழுதிவிடுதல் எளிது; அது உண்மையுமன்று. மலையில் மழையை நம்பிய வேளாண்மை. சாமையும் மரவள்ளியும் வீடு சேர்ந்தபின் பல குடும்பங்கள் வெளி மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலத் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகின்றன. மாதக்கணக்கில் ஊரைவிட்டுப் போகும் தாய் தந்தையர் வயது வந்த மகளை யாரிடம் விட்டுச் செல்வது? பாட்டியிடம் விட்டால் பயம். உடன் அழைத்துச் சென்றால் தோட்டத்துக் குடிசையில் அதைவிடப் பயம். எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடிந்தபின் மேற்படிப்புக்குப் பள்ளி தொலைவில் இருக்கிறது. அத்தை மகனோ தாய்மாமனோ முறைகொண்டு நிற்கிறான். பரியமும் பேசியாகிவிட்டது. மூத்தவள் கலியாணத்தோடு இளையவளுக்கும் முடித்துவிட்டால் பந்தல் செலவு மிச்சம். இவ்வாறு எண்ணுவோர் மகளின் பாதுகாப்பைக் கருதியே எண்ணுகின்றனர்.

ஆனால் பாதுகாப்பு என்று கருதிச் செய்தது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். பதினாறு வயதுப் பெண் கருவுறுகிறாள். அவள் உடலே இன்னும் வளர்ந்து முடியவில்லை. இரத்தசோகை, பிரசவ வலி நீடித்தல், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் இவ்வயதில் மிகுதி என்பது மருத்துவர்கள் ஒருமுகமாகச் சொல்வது. கருவுற்ற தாயைக் கிராம சுகாதாரச் செவிலியர் பதிவு செய்யவேண்டும். பதிவில் வயது தெரிந்துவிடும். வயது தெரிந்தால் போக்ஸோ சட்டப்படி மருத்துவமனை தகவல் கொடுத்தே தீரவேண்டும்; வழக்கு வரும். வழக்குக்கு அஞ்சிய குடும்பம் பெண்ணைச் செவிலியர் கண்ணில் படாமல் மறைக்கிறது. ஊசியில்லை, இரும்புச்சத்து மாத்திரையில்லை, வீட்டிலேயே பிரசவம். யாரைக் காப்பதற்காகச் சட்டம் செய்யப்பட்டதோ அவளே சட்டத்துக்கு அஞ்சி மருத்துவத்தை இழக்கிறாள். மணம் முடிந்தபின் வரும் எந்த நடவடிக்கையும் அவளுக்குப் பாதி நன்மையே செய்யும் என்று நாம் கூறுவது இதனால்தான். வேலை செய்யவேண்டிய காலம் தாலி ஏறுமுன் உள்ள மாதங்கள். அம்மாதங்களில் பெண்ணின் அருகில் இருப்பது மாவட்டத் தலைநகரத்து அதிகாரியல்லர், ஊராட்சியே.

சட்டம் வந்த வழி

அஜ்மீரைச் சேர்ந்த ஹரிபிலாஸ் சாரதா என்பவர் கொண்டுவந்த மசோதா 1929-ல் சட்டமாயிற்று. மக்கள் அதனைச் சாரதா சட்டம் என்றனர். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அது வயது விதித்தது. சென்னைச் சட்டசபையில் அந்நாளில் துணைத் தலைவராக இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மணவயதை உயர்த்த வேண்டுமென்று வாதாடியவர்களுள் முதன்மையானவர். சட்டம் நிறைவேறியது 1929 அக்டோபரில். அமலுக்கு வந்தது 1930 ஏப்ரல் முதல் நாள். இடைப்பட்ட ஆறு மாதத்தில் நாடெங்கும் பந்தல்கள் எழுந்தன. தொட்டிலை விட்டு இறங்காத குழந்தைகளுக்குங்கூட முடிச்சுப் போடப்பட்டது. சட்டத்தை அறிவித்தால் மட்டும் போதும் என்று எண்ணுவோருக்கு இவ்வரலாறு நல்ல பாடம். மேலும், யாரேனும் நீதிமன்றத்துக்குச் சென்று முறையிட்டாலொழிய அச்சட்டத்தின் கீழ் வழக்கு எழ வழியில்லை. உறவினர்மேல் வழக்காட எவர் முன்வருவார்?

1949-ல் பெண்ணின் வயது 15 ஆயிற்று. 1978-ல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என உயர்ந்தது. 2006-ல் இயற்றப்பட்ட குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2007 நவம்பர் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. பெண்ணின் வயதையும் 21 ஆக்கிவிட்டார்கள் என்று ஊர்களில் ஒரு பேச்சு இருக்கிறது. 2021 டிசம்பரில் அவ்வாறு ஒரு மசோதா பாராளுமன்றத்தில் வந்தது மெய். அது சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

இன்றைய சட்டத்தில் ஊராட்சி அங்கத்தினர் மனத்தில் இருத்தவேண்டியவை சில உண்டு. 18 வயது நிரம்பிய ஆண் குழந்தையை மணந்தால் இரண்டாண்டு வரை கடுங்காவலோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மணத்தை நடத்திவைத்தவருக்கும், ஏற்பாடு செய்த அல்லது தடுக்கத் தவறிய பெற்றோருக்கும் அதே தண்டனை. ஆனால் பெண்களுக்குச் சிறைத்தண்டனை இல்லை. காவல்துறையினர் ஆணையின்றியே கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடையாது. இவையன்றி, 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், 18 வயது நிரம்பாத மனைவியுடன் கூடி வாழ்தல் கணவனுக்கும் குற்றமே. அவள் கருவுற்றாளாயின் போக்ஸோ சட்டத்தின்கீழ் குற்றம் நிரூபணமாகும்போது 20 ஆண்டுக்குக் குறையாத சிறை. இருபத்திரண்டு வயது மகனுக்குப் பெண் தேடும் தந்தை இதனை அறிவது பெண்ணைப் பெற்றவர் அறிவதைவிட அவசியம் என்போம்.

மணம் நடந்துவிட்டால் அது தானாகச் செல்லாததாகிவிடுமா என்று கேட்கிறார்கள். ஆகிவிடாது. மணம் செய்விக்கப்பட்ட பெண் அதனை ரத்துச் செய்ய வேண்டி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 20 வயது நிரம்பும் வரை அவளுக்கு அவ்வுரிமை உண்டு. அவளுக்கு ஜீவனாம்சமும் இருக்க இடமும் கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். பிறந்த குழந்தைக்குச் சட்டப்படியான வாரிசுரிமை குறையாது. குழந்தையைக் கடத்தியோ, பலவந்தப்படுத்தியோ, ஏமாற்றி அழைத்துச் சென்றோ, விலைக்கு விற்றோ செய்த மணமும், நீதித்துறை நடுவர் பிறப்பித்த தடையாணையை மீறிச் செய்த மணமும் மட்டும் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை. இத்தடையாணைதான் நம்மவர் அதிகம் பயன்படுத்தாத ஆயுதம். மணம் நடக்க இருக்கிறது என்று எவர் முறையிட்டாலும் நடுவர் ஆணை பிறப்பிக்கலாம். தாலி கட்டும் நேரத்தில் போலீஸ் ஜீப்பில் போய்ப் பந்தலைப் பிரிப்பதைவிட, பத்து நாள் முன்னதாக ஆணையைக் கையில் கொடுப்பது பெண்ணுக்கும் மரியாதை, வீட்டாருக்கும் மரியாதை.

எங்கள் மலைக்கு எங்கள் வழக்கமே சட்டம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசாங்கம் தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே பரியம் போடுவதும், தாலியின் வகையும், யாருக்கு யார் முறை என்பதும் வழக்கப்படியே நடக்கலாம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அவ்வாறன்று. குடிமக்கள் அனைவருக்கும் பொது. முறையில் மாற்றமில்லை, வயதில் மட்டுமே சட்டம் குறுக்கிடுகிறது என்று எடுத்துக் கூறினால் ஊர்க் கவுண்டரும் மூப்பரும் செவிசாய்க்க இடமுண்டு.

வயதுக்குச் சான்று

பெண்ணுக்கு வயது பதினெட்டு ஆகிவிட்டது என்று தந்தை சொல்கிறார். பள்ளிக்கூடப் பதிவேடு பதினாறு என்கிறது. எது மெய்? வீட்டில் பிறந்து பதிவாகாத பிள்ளைகள் இருக்கும் மலையூர்களில் பாதி வழக்கு இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். கிராம ஊராட்சிப் பகுதிகளில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். ஓராண்டு கடந்துவிட்டால் மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அதிகாரமளித்த நடுவரின் ஆணை வேண்டும். மலையிலிருந்து இறங்கிப் பல நாள் அலையவேண்டியிருக்கும். ஆதலின் ஒவ்வொரு வார்டு அங்கத்தினரும் தம் வார்டில் கருவுற்றிருக்கும் தாய்மாரின் பெயரை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பிரசவமான மூன்று வாரத்துக்குள் பதிவு நடந்ததா என்று ஒருமுறை விசாரித்தால் போதும். அன்று பத்து நிமிஷம் செலவிட்டால், பதினாறு ஆண்டு கழித்து எழும் வழக்குக்கு அன்றே சான்று கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தல் கட்டாயம் என்பதையும், பதிவுக்கு வயதுச் சான்று கேட்பார்கள் என்பதையும் மணம் பேசும் காலத்திலேயே நினைவூட்டலாம்.

கொண்டு கொடுக்கும் ஊர்கள்

இனி நாம் முக்கியமாகக் கருதுவதைக் கூறுவோம். ஓர் ஊரில் ஒரு தந்தை, மகளைப் பதினெட்டுக்கு முன் கொடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார் என்று கொள்வோம். அவர் பெண் கொடுக்கவேண்டியது பக்கத்து ஊரில். அவ்வூரார் பதினைந்து வயதுப் பெண்ணையே தேடினால், பதினெட்டு வரை காத்திருந்தவளுக்கு மாப்பிள்ளை இல்லாமற்போகும் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. தனி மனிதன் நல்லவனாக இருந்தாலும் அவன் ஒருவனால் ஆகாத காரியம் இது. கொண்டு கொடுக்கும் ஊர்கள் சேர்ந்து ஒரே நாளில் மாறினால், எவருக்கும் நஷ்டமில்லை.

இது நம் கற்பனையன்று. சீன தேசத்தில் பெண் குழந்தைகளின் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கம் பல நூற்றாண்டு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், எங்கள் பெண்களின் பாதத்தைக் கட்டமாட்டோம், பாதம் கட்டிய பெண்ணை எங்கள் பையன்களுக்கு எடுக்கவும் மாட்டோம் என்று குடும்பங்கள் சங்கம் வைத்து உறுதி செய்துகொண்டபோது அவ்வழக்கம் ஒரு தலைமுறைக்குள் தளர்ந்தது.

இன்னும் அண்மையான உதாரணம் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிலிருந்து கிடைக்கிறது. அங்கே பல ஊர்களில் சிறுமியரின் பிறப்புறுப்பை அறுத்துவிடும் வழக்கம் இருந்தது. அறுக்கப்படாத பெண்ணை எடுக்கமாட்டார்கள் என்பதே தாய்மாரின் அச்சம். (நம் மலைகளில் அவ்வழக்கம் இல்லை. இந்தியாவில் தாவூதி போரா வகுப்பாரிடையே ஒரு வகையில் இருப்பதைக் குறித்த வழக்கு 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது; அதற்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை.) தோஸ்தான் என்னும் ஸ்தாபனம் தாய்மொழியில் நடத்திய முதியோர் வகுப்பில் உடல்நலத்தையும் உரிமைகளையும் கற்ற மாலிகுண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள், 1997 ஜூலையில் இனி அறுப்பதில்லை என்று பகிரங்கமாக அறிவித்தனர். அக்கம்பக்கத்து ஊர்கள் அவர்களை ஏசின. அப்போது கியூர் சிம்பாரா என்ற ஊரின் இமாமாகிய தெம்பா ஜாவரா என்னும் முதியவர், ஓர் ஊர் மட்டும் மாறுவது தகாது, நாம் மணவுறவு கொள்ளும் ஊர்கள் யாவும் சேரவேண்டும் என்று கூறித் தம் உறவுக்காரர் வாழும் ஊர்களுக்குக் கால்நடையாகவே சென்று பேசினார். யாரையும் இழித்துரைக்கவில்லை, வகுப்பில் கேட்டதைச் சொன்னார், அவர்கள் சொல்வதையும் கேட்டார். 1998 பிப்ரவரியில் 13 ஊர்கள் ஒன்றுகூடி அவ்வழக்கத்தைக் கைவிட்டதாக அறிவித்தன. செனகல் அரசாங்கம் அதனைத் தடைசெய்து சட்டம் இயற்றியது 1999-ல். ஊர்கள் முன்னே சென்றன. சட்டம் பின்னே வந்தது. நமக்கோ சட்டம் முன்னமே வந்துவிட்டது; ஊர்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கல்வராயன் மலையில் இதனை எவ்வாறு செய்யலாம்? பெண் கொண்டும் கொடுத்தும் வரும் ஊர்கள் எவை என்பதை ஒவ்வோர் ஊரிலும் உள்ள மூதாட்டியரைக் கேட்டால் ஒரு மாலைப்பொழுதில் சொல்லிவிடுவார்கள். அவ்வூர்கள் ஓர் ஊராட்சிக்குள் அடங்கியிருக்கமாட்டா. சில சேலம் மாவட்டத்துப் பக்கம் இருக்கும். அதிகாரிகளின் எல்லை அங்கே முடிந்துவிடும், உறவுமுறையின் எல்லை முடிவதில்லை. இப்பக்கத்துப் பெண்ணை அப்பக்கம் கொண்டுபோய் மணம் செய்துவிட்டால் தகவல் தெரியாமற்போவதும் இதனால்தான். ஆகவே இரு மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களும், ஊர்க் கவுண்டர்களும், பள்ளித் தலைமையாசிரியர்களும் ஒரிடத்தில் கூடவேண்டும். திருவிழாக் காலம் இதற்கு ஏற்றது. எல்லோரும் எப்படியும் வருவார்கள். கூட்டத்தில் பெண்கள் பேசவேண்டும். பதினாறில் மணமாகிப் பட்ட துன்பத்தை ஒரு தாய் தன் வாயால் சொல்வதற்கு ஈடாக எந்த அதிகாரியின் சொற்பொழிவும் ஆகாது.

உதவிகள்

1989 முதல் நடந்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், மணப்பெண்ணுக்கு 18 வயதும் குறிப்பிட்ட படிப்பும் நிரம்பியிருக்கவேண்டும் என்று விதித்திருந்தது. உதவியை உத்தேசித்தேனும் சில குடும்பங்கள் காத்திருந்தன. 2022-ல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறியது. 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்ற பெண் கல்லூரியிலோ, பாலிடெக்னிக்கிலோ, தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் சேரும். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பந்தலுக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போனது நமக்கு உடன்பாடே. ஆயினும் 12-ஆம் வகுப்பை எட்டாமல் நின்றுவிட்ட பெண்ணுக்கு இதனால் பயனில்லை. அவளை எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுக்குக் கொண்டுசெல்வன மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும், வெள்ளிமலையில் உள்ள ஏகலைவா மாதிரிப் பள்ளியுமே. தோட்டக் கூலிக்குப் போகும் பெற்றோர் மகளை விட்டுச்செல்ல விடுதியைவிடத் தக்க இடமில்லை. விடுதியில் கதவு, விளக்கு, கழிப்பறை, காவலர் ஆகியவை சரியாக உள்ளனவா என்று ஊராட்சி அங்கத்தினர் மாதம் ஒருமுறை சென்று பார்த்தால், பெற்றோருக்கு நம்பிக்கை பிறக்கும். இப்படிப் பார்த்துவருவதும் குழந்தைத் திருமணத் தடுப்பு வேலையே என்று நாம் கருதுகிறோம்.

ஒரு பெண் தொடர்ந்து இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லையென்றால் அதுவே முதல் அறிகுறி. ஆசிரியர் அன்றே ஊராட்சிக்குச் சொல்லவேண்டும். வார்டு அங்கத்தினர், கூடுமானால் ஒரு பெண் அங்கத்தினர், வீட்டுக்குச் சென்று மிரட்டாமல் விசாரிக்கவேண்டும். பேசித் தீராவிடில் 1098 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்லலாம். பெண்களுக்கான 181-க்கும் சொல்லலாம். மாவட்ட சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவருக்குத் துணைசெய்ய ஊராட்சியின் அலுவலரையோ, சமூக சேவையில் ஈடுபட்ட உள்ளூர்ப் பெரியவரையோ அரசாங்கம் கேட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 16-ஆம் பிரிவு கூறுகிறது. நமக்கு இதில் என்ன அதிகாரம் என்று கேட்கும் அங்கத்தினர் இப்பிரிவைப் படித்துப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஊராட்சி வேறு, கட்டைப் பஞ்சாயத்து வேறு. வயது வந்த ஆணும் பெண்ணும் தாமே விரும்பி மணந்தால் அவர்களைப் பிரிக்கவோ, அபராதம் விதிக்கவோ, ஊரைவிட்டு ஒதுக்கவோ எவருக்கும் உரிமையில்லை. 2011-லும் 2018-லும் உச்ச நீதிமன்றம் இதனை ஐயமறக் கூறியுள்ளது. பதினெட்டு நிரம்பிய பெண்ணானாலும் அவளைப் பலவந்தமாகக் கொண்டுபோய் விருப்பமில்லாதவனுக்கு மணம் செய்வித்தல் பாரதிய நியாய சம்ஹிதையின் 87-ஆம் பிரிவின்கீழ் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் பெயரால் பெண்ணைப் பொதுக்கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பதும், அவள் பெயரைத் தண்டோராப் போடுவதும் அவளுக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு. அவள் பெயர் கிராம சபைத் தீர்மானத்தில் வரவே கூடாது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. கோடை விடுமுறையில் மணங்கள் மிகுதியாதலால், மார்ச்சு மாதக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொள்வது பொருத்தம். பொதுத் தேர்வு முடிந்து விடுதிகள் மூடப்படுமுன், விடுமுறையில் வீடு திரும்பும் மாணவியரின் தொகையைத் தலைமையாசிரியரிடம் பெற்று, ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தபின் அவர்கள் எல்லோரும் திரும்பினரா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அங்கத்தினரைப் பொறுப்பாக்கலாம். தீர்மானத்தின் நகலை மாவட்ட சமூகநல அலுவலருக்கும், வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், மலைக்கு அப்பாலுள்ள உறவு ஊர்களின் ஊராட்சிகளுக்கும் அனுப்பவேண்டும்.